ரெவிட்டில் மாஸிங்: பெட்டிதான் வரைகிறோம், எஃப்எஸ்ஐ ஏன் உதைக்கிறது?

கேள்வி இதுதான். 40 மீட்டருக்கு 60 மீட்டர் மனை, சென்னையில். கீழே தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே ஐந்து மாடி. இரண்டு மூன்று மாற்று வடிவங்களை ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் மாஸிங் செய்து, அதாவது விவரம் இல்லாத வெறும் பெட்டிகளாக உருவாக்கி, காட்ட வேண்டும். சுவரும் ஸ்லாபும் போட்டுத் தொடங்கினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நாள் போய்விடுகிறது. மாஸ் கருவியில் செய்தால் ஷெட்யூலில் (ரெவிட் தானாகப் போடும் அட்டவணையில்) வரும் பரப்பும் கையில் போட்ட கணக்கும் ஒத்துவரவில்லை. எங்கிருந்து தொடங்குவது, தப்பு எங்கே இருக்கிறது?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம். மாஸ் மாடலைக் கணக்கு நோட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சதுர மீட்டர், எவ்வளவு உயரம், எவ்வளவு வெளிச்சுவர், எந்தப் பக்கம் வெயில் என்ற நாலு விஷயத்துக்கு அது பதில் சொன்னால் போதும். ஜன்னல், பால்கனி கிரில், சன்ஷேட் எல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். போட்டால் பார்க்கிறவர் கிரில்லைப் பற்றித்தான் பேசுவார்.

முதலில் ரெவிட்டை மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மனை 40 × 60 = 2400 ச.மீ. (இதை 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு, என்று குழப்பிக்கொள்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். 2400 ச.மீ. என்பது 25,833 சதுர அடி, பத்தேமுக்கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.) தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மொத்தத் தளப்பரப்பை மனைப்பரப்பால் வகுத்த எண்) 2.0, உயர வரம்பு 18.30 மீ. ஆகவே கட்டக்கூடியது 4800 ச.மீ. செட்பேக் (மனை எல்லையிலிருந்து காலியாக விட வேண்டிய இடம்) சாலை அகலத்தையும் உயரத்தையும் பொறுத்து மாறும், அரசாணைகளும் வந்துகொண்டே இருக்கும், அதனால் விண்ணப்பிக்கும் தேதியில் நடப்பில் உள்ள அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். இங்கே உதாரணத்துக்கு முன்னால் 6 மீ., மற்ற மூன்று பக்கமும் 4 மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கட்டக்கூடிய தடம் 32 × 50 = 1600 ச.மீ. அதை ஐந்து மாடிக்கும் நிரப்பினால் 8000. அனுமதி 4800தான். ஆக, உறைக்குள் (செட்பேக்கும் உயர வரம்பும் விட்டுவைக்கும் பெட்டிக்குள்) 60 சதவீதத்தைத்தான் நிரப்ப முடியும். மாடிக்கு 960 ச.மீ. வைத்துக்கொண்டு 640ஐ வெட்டி எறிய வேண்டும். மாஸிங் என்ற வேலையே இந்த 640ஐ எங்கே வெட்டுவது என்பதுதான்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நியூயார்க் 1916இல் மண்டல விதி கொண்டுவந்தபோது, சட்டம் அனுமதிக்கும் உறை எப்படி இருக்கும், அதைக் கட்டக்கூடிய கட்டடமாக எப்படிச் செதுக்குவது என்று ஹ்யூ ஃபெரிஸ் 1922இல் படிப்படியாகக் கரித்துண்டில் வரைந்து காட்டினார். நாம் அதையே மவுஸில் செய்கிறோம்.

உயரத்தையும் தாளிலேயே முடித்துவிடுங்கள். ஸ்டில்ட் 3.0, மேலே ஐந்து மாடி தலா 3.0, மொத்தம் 18.0 மீ. வரம்புக்கு 30 செ.மீ.தான் மிச்சம். ஸ்டில்ட் தரையைச் சாலையிலிருந்து 30 செ.மீ. தூக்கினால் அதுவும் தீர்ந்தது. யாராவது “மாடி உயரம் 3.15 வைக்கலாமே” என்றால் 3.0 + 15.75 = 18.75, உயர்மாடிக் கட்டட விதிகளுக்குள் போய்விடுகிறோம். செட்பேக்கிலிருந்து தீயணைப்பு வரை எல்லாமே மாறும். லெவல்களைப் பூட்டி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி ரெவிட். சர்வே வரைபடம்தான் முதல் கண்ணி. சர்வேயர் தரும் கேட் (CAD) ஃபைல் பெரும்பாலும் யூடிஎம் ஆயத்தில் (உலக வரைபடங்களுக்கான மீட்டர் கட்ட அமைப்பில்) இருக்கும். சென்னைக்கு அது கிழக்கே சுமார் 4,21,000 மீட்டர், வடக்கே சுமார் 14,46,000 மீட்டர். ரெவிட்டின் உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கி.மீ. தாண்டி எதையாவது வைத்தால் கோடுகள் நடுங்கும், ஸ்நாப் தவறும், நிழல் கிழியும். அந்த ஃபைலை ‘ஆரிஜின் டு ஆரிஜின்’ என்று கொண்டுவராமல், மையத்தை உள் மூலத்துக்குப் பொருத்தும் தேர்வில் லிங்க் செய்யுங்கள். உண்மை ஆயம் தேவைப்பட்டால் பின்னால் அந்த லிங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கொண்டுவந்த கையோடு தெரிந்த ஒரு பக்கத்தை அளந்து பாருங்கள். அலகைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டால், அடியில் வரைந்த ஃபைல் மில்லிமீட்டராக வந்து உட்காருவது சகஜம். 60 மீ. பக்கம் 60 மீ. என்றே வர வேண்டும்.

கேட் ஃபைலை எக்ஸ்ப்ளோட் செய்து அந்தக் கோடுகளையே மாஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். 0.8 மி.மீ.க்குக் குறைவான கோட்டை ரெவிட் ஏற்காது. சர்வே கோடுகளில் அப்படிப்பட்ட துணுக்குகள் நிறைய ஒளிந்திருக்கும். மனை எல்லையை ‘பிராப்பர்ட்டி லைன்’ கருவியில் நீங்களே வரையுங்கள், மூடிய கண்ணியாக இருந்தால் பரப்பைக் காட்டும். பத்திரத்தில் ஒரு பரப்பு, சர்வேயில் வேறு பரப்பு என்று வந்தால் சிறியதை வைத்துக் கணக்கிடுவது நல்லது. சாலை அகலப்படுத்த ஒரு துண்டு போகப்போகிறது என்றால் அதையும் இப்போதே கழியுங்கள்.

பிறகு எலிவேஷன் வியூவில் லெவல்கள்: தரை 0, முதல் மாடி 3000, பிறகு 6000, 9000, 12000, 15000, மொட்டைமாடி 18000. பேரபெட், ஸ்லாப் அடிமட்டம், லிஃப்ட் மெஷின் அறை என்று இப்போதே லெவல் சேர்க்காதீர்கள். பின்னால் மாஸ் ஃபுளோர் தேர்வுப் பட்டியலில் எல்லாமே வரும், ஒன்றைத் தவறுதலாக டிக் செய்துவிட்டால் இல்லாத ஒரு தளம் கணக்கில் முளைக்கும்.

‘மாஸிங் அண்ட் சைட்’ டேபில் ‘இன்-பிளேஸ் மாஸ்’. முதலில் உறையை ஒரு மாஸாகச் செய்துவிடுங்கள்: 32 × 50, உயரம் 18.30, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெட்டீரியல். இதற்கு மாஸ் ஃபுளோர் எதுவும் வேண்டாம். தளம் இல்லாத மாஸின் பரப்பு பூஜ்யமாகவே இருக்கும். இனி நீங்கள் செய்யும் எந்த வடிவமும் இந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே மூக்கை நீட்டினால் உடனே தெரியும்.

அடுத்து ஸ்டில்டுக்கு ஒரு மாஸ், ஐந்து மாடிக்கு ஒரு மாஸ் என்று பிரித்துச் செய்யுங்கள். முதல் மாடி பிளானில் மூடிய செவ்வகம் வரைந்து, தேர்ந்தெடுத்து, ‘கிரியேட் ஃபார்ம்’ கொடுத்து, உயரத்தை இழுக்காமல் 15000 என்று தட்டச்சு செய்யுங்கள். ஏன் தட்டச்சு என்று கீழே சொல்கிறேன். கோடுகள் ஒரு மூலையில் சேராமல் இருந்தால் திண்மத்துக்குப் பதில் வெறும் பரப்பு ஒன்று எழும்பும். பார்க்கப் பெட்டி மாதிரியே இருக்கும், கன அளவு பூஜ்யம் காட்டும், தளமும் விழாது. ‘ஃபினிஷ் மாஸ்’ கொடுத்து, மாஸைத் தேர்ந்தெடுத்து, ‘மாஸ் ஃபுளோர்ஸ்’ என்பதில் 3000 முதல் 15000 வரை உள்ள ஐந்து லெவல்களை டிக் செய்யுங்கள்.

ரெவிட் என்ன செய்கிறது என்பதை இங்கே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லெவல் மாஸை வெட்டும் இடத்தில் ஒரு துண்டம் எடுத்து, அந்த வெட்டுப்பரப்பைத் தளப்பரப்பு என்று சொல்கிறது. மாஸின் அடிமட்டமும் லெவலும் ஒன்றாக இருந்தால் தளம் உண்டு. மேல்முகமும் லெவலும் சரியாக ஒன்றாக இருந்தால் அங்கே தளம் போடாது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஒரு மில்லிமீட்டரின் மகிமை இருக்கிறது. உயர வரம்பு 18.30தானே என்று ஐந்து மாடி மாஸை 15300 உயரத்துக்கு ஏற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மொட்டைமாடி லெவலையும் டிக் செய்தால், 18000இல் ஒரு துண்டம் விழும். கூடவே 960 ச.மீ. ஏறிவிடும். ஸ்டில்ட் மாஸுக்கும் அதேதான். அதை 3000க்குப் பதில் 3001 என்று இழுத்துவிட்டு அதிலும் முதல் மாடி லெவலை டிக் செய்திருந்தால், அதே தளம் இரண்டு மாஸிலும் இரண்டு முறை எண்ணப்படும். அம்பை மவுஸால் பிடித்து இழுப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

இனி ஷெட்யூல். மாஸ் வகைக்கு ஒரு ஷெட்யூல் போட்டு ‘கிராஸ் ஃபுளோர் ஏரியா’ சேர்க்கலாம், ஆனால் எஃப்எஸ்ஐ வேண்டுமென்றால் மனைப்பரப்பால் வகுக்க வேண்டும். ஃபார்முலாவில் 2400 என்று வெறும் எண்ணைப் போட்டால் அலகு ஒத்துவரவில்லை என்று ரெவிட் முரண்டு பிடிக்கும். பரப்பைப் பரப்பால்தான் வகுக்க வேண்டும். அதனால் மாஸ் வகைக்கு ‘மனைப்பரப்பு’ என்று ஒரு பிராஜெக்ட் பாராமீட்டர் உருவாக்கி, அதன் வகையை ஏரியா என்று வையுங்கள். எல்லா மாஸையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 2400 கொடுங்கள். பிறகு ஷெட்யூலில் ‘எண்’ வகையில் ஒரு கணக்கிட்ட மதிப்பு: கிராஸ் ஃபுளோர் ஏரியா / மனைப்பரப்பு. எல்லா மாஸுக்கும் வகுக்கும் எண் ஒன்றே என்பதால் கடைசி வரியில் கூட்டிக்கொள்ளலாம். ஃபார்மேட்டிங் பக்கத்தில் ‘கால்குலேட் டோட்டல்ஸ்’ தேர்வு செய்ய மறந்தால் கூட்டுத்தொகை வராது.

ஸ்டில்ட் பார்க்கிங் எஃப்எஸ்ஐயில் சேராது. அதைக் கழிக்க இன்னொரு பாராமீட்டர், ஆம்/இல்லை வகை, ‘எஃப்எஸ்ஐயில் சேரும்’ என்ற பெயரில் வைத்து ஷெட்யூலை வடிகட்டுங்கள். பக்கத்து வீடுகளையும் நிழலுக்காக மாஸாகவே வரைகிற பழக்கம் இருந்தால் அவற்றைத் தனி ஃபைலில் வைத்து லிங்க் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் மாடியும் உங்கள் எஃப்எஸ்ஐயில் ஏறியிருக்கும்.

இப்போது உதைக்கும் கணக்குக்கு வருவோம். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

2.00 வர வேண்டிய இடத்தில் 2.40 வந்தால் அதிகம் 960 ச.மீ., அதாவது சரியாக ஒரு தளம். மேலே சொன்ன மில்லிமீட்டர் விவகாரம், அல்லது ஸ்டில்ட் வடிகட்டப்படவில்லை. உயரங்களைத் திரும்பத் தட்டச்சு செய்தால் தீர்ந்தது.

2.03 வந்தால் பெரும்பாலும் சுவர். மாஸ் சரியாகத்தான் இருந்திருக்கும். அதன் முகத்தில் ‘வால் பை ஃபேஸ்’ போட்டு, பிறகு பிளானிலிருந்து பரப்பு எடுத்தபோது ஏறியிருக்கும். சுவரின் ‘லொகேஷன் லைன்’ நடுக்கோட்டில் இருந்தால் 230 மி.மீ. சுவரில் பாதி, 115 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் மாஸுக்கு வெளியே நிற்கும். 19.2 × 50 ஆக இருந்த கட்டடம் 19.43 × 50.23 ஆகும். மாடிக்கு 960க்குப் பதில் 975.97. ஐந்து மாடிக்குக் கிட்டத்தட்ட 80 ச.மீ. அதிகம், எஃப்எஸ்ஐ 2.033. அனுமதி மறுக்க அது போதும். சுவர் வைக்கும்போது லொகேஷன் லைனை வெளிமுகத்துக்கு மாற்றிவிட்டால் தடிமன் முழுக்க உள்ளே போகும். மாஸின் முகம்தான் கட்டடத்தின் வெளிமுகம் என்று ஆபீஸில் எல்லோரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

2.02, 2.03 என்று வந்து, இன்னும் சுவரே போடவில்லை என்றால் மாஸ்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கின்றன. இரண்டு பிளாக், நடுவில் 8 மீ. இடைவெளி, அதை இணைக்க 6 மீ. அகல லாபி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபியை 8 மீ.க்குப் பதில் இரு பக்கமும் ஒரு மீட்டர் உள்ளே விட்டு 10 மீ. வரைந்தால், மாடிக்கு 12 ச.மீ., ஐந்து மாடிக்கு 60 ச.மீ. இரட்டையாக எண்ணப்படும். ‘ஜாயின் ஜியாமெட்ரி’ கொடுத்து மாஸ்களை இணைத்தால் ரெவிட் மேற்பொருந்தும் பகுதியை ஒன்றிலிருந்து கழித்துவிடும். ஒரே மாஸின் உள்ளே இரண்டு திண்மங்கள் இருந்தாலும் இதே வேலைதான்.

ஷெட்யூலில் பரப்பே வரவில்லை, பூஜ்யம் என்றால் அநேகமாக ஸ்கெட்ச்அப்பிலிருந்து கொண்டுவந்த வடிவம். அது ரெவிட்டுக்குள் மெஷ்ஷாக வந்து சேரும். மெஷ்ஷிலிருந்து தளமோ கன அளவோ கணக்கிட முடியாது என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் வரும், யாரும் படிக்காமல் மூடிவிடுவார்கள். ரைனோவில் செய்திருந்தால் ஸாட் (SAT) ஃபைலில் திண்மமாக எடுத்துக் கொண்டுவாருங்கள். ஸ்கெட்ச்அப் என்றால் அதைப் பின்னணியாக வைத்துக்கொண்டு ரெவிட்டில் மேலே திரும்ப வரைவதே வேகமான வழி. எளிய வடிவத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று, இது பரப்புத் தவறு இல்லை, ஆனால் மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் தெரியவரும். ‘ஷோ மாஸ்’ பொத்தான் திரையில் காட்டுவதற்கு மட்டுமே. வியூவின் விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் மாஸ் வகையை ஆன் செய்யாவிட்டால் பிரிண்டில் வெறும் மனைதான் வரும்.

கணக்கு ஒத்துவந்த பிறகு வடிவத்துக்கு வருவோம். அதே 960 ச.மீ.யை நாலு விதமாக வைத்துப் பாருங்கள். ‘டிசைன் ஆப்ஷன்ஸ்’ வைத்து ஒவ்வொன்றையும் ஒரு மாற்றாகப் போடலாம். லெவல்களும் உறையும் பொது மாடலில் இருக்கட்டும். ஷெட்யூலை ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, அதன் விசிபிலிட்டியில் எந்த மாற்று என்று குறிப்பிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நாலு ஷெட்யூலும் முதன்மை மாற்றின் எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டும்.

முதலாவது நீள்கட்டை: 19.2 × 50. நடுவில் நடைவழி, இரு பக்கமும் வீடுகள். சுற்றளவு 138.4 மீ., ஐந்து மாடிக்கு வெளிச்சுவர் 2076 ச.மீ. ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு 0.43 ச.மீ. சுவர். நாலில் மலிவானது இதுதான். ஆனால் எந்த வீட்டுக்கும் குறுக்குக் காற்று கிடையாது, நடைவழியில் பகலிலும் விளக்கு எரியும்.

இரண்டாவது முற்றம்: 32 × 50 முழுவதும் எடுத்துக்கொண்டு நடுவில் 16 × 40 வெட்டினால் மிச்சம் சரியாக 960. நீளப் பக்கங்கள் 8 மீ. ஆழம், குறும் பக்கங்கள் 5 மீ. சுற்றளவு உள்ளும் புறமுமாக 276 மீ., சுவர் 4140 ச.மீ., விகிதம் 0.86. முதலாவதைப் போல இரண்டு மடங்கு சுவர், பெயின்ட், ஜன்னல். பதிலுக்கு எல்லா வீட்டுக்கும் இரண்டு பக்கக் காற்று. 5 மீ. பட்டையில் படி, லிஃப்ட் தவிர வேறெதுவும் உருப்படியாக அமையாது. வெட்டும்போது, திண்மம் செய்த அதே மாஸுக்குள்ளேயே ‘வாய்டு’ ஃபார்ம் செய்யுங்கள், அதன் உச்சி திண்மத்தைத் தாண்டியே நிற்கட்டும். வெட்டாமல் அப்படியே நின்றால் ‘கட் ஜியாமெட்ரி’ கொடுத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது எச் வடிவம்: 12 × 38 அளவில் இரண்டு பிளாக், நடுவில் 8 × 6 லாபி. 912 + 48 = 960. சுற்றளவு 204 மீ., விகிதம் 0.64. ஒரே லாபியில் படியும் லிஃப்டும் அடங்கும். கட்டுமானக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும், அதில் தப்பும் இல்லை.

மூன்றையும் வரைந்தாகிவிட்டது, இனி எது என்று கேட்டால் வடக்கு எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்பேன். 60 மீ. பக்கம் வடக்கு தெற்காக ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது நீள்கட்டையின் 50 மீ. முகம் மேற்கைப் பார்க்கும். 50 × 15 = 750 ச.மீ. சுவர் சென்னையின் பிற்பகல் வெயிலை நேருக்கு நேர் வாங்கும். எச் வடிவத்தில் மேற்கே பார்ப்பது, லாபி ஒட்டும் 6 மீ. போக, இரண்டு பிளாக்குக்குமாக 70 மீ. நீளம், ஆனால் கிழக்குப் பிளாக்குக்கு மற்றது நிழல் தரும்.

இங்கேதான் நாலாவது மாற்று வருகிறது: கிழக்கு மேற்காக 32 × 10 அளவில் மூன்று பட்டைகள், இடையில் 10 மீ. இடைவெளிகள் இரண்டு. 32 × 10 × 3 = 960. மேற்குச் சுவர் 450 ச.மீ.யாகக் குறைகிறது, மற்றதெல்லாம் வடக்கும் தெற்கும். அந்த முகங்களுக்குச் சின்ன சன்ஷேடே போதும். 13 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே 53.5 டிகிரி உயரத்தில் நிற்கும். 18 மீ. கட்டடத்தின் நிழல் வடக்கே 13.3 மீ. விழும். இடைவெளி 10 மீ. என்பதால் நிழல் அடுத்த பட்டையில் 4.5 மீ. ஏறும், அதாவது ஸ்டில்டும் முதல் மாடியில் பாதியும். வருடத்தின் மிக மோசமான நண்பகலில் இவ்வளவுதான். ஜூன் 21இல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே 3.3 மீ.தான். விலை என்ன என்றால் படிக்கட்டும் லிஃப்டும் மூன்று செட், சுற்றளவு 252 மீ., விகிதம் 0.79. பிளாக்குகளுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளிக்கும் விதி உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிழல் எண்களை ரெவிட்டிலும் சரிபார்க்கலாம், ஆனால் ‘ட்ரூ நார்த்’ அமைத்திருக்க வேண்டும். திரையில் மேலே இருப்பது பிராஜெக்ட் வடக்குதான். சைட் பிளானின் ஓரியன்டேஷனை ட்ரூ நார்த்துக்கு மாற்றி, ‘ரொட்டேட் ட்ரூ நார்த்’ கொடுத்து, சர்வேயில் உள்ள வடக்குக் குறிக்குப் பொருத்துங்கள். இடத்தைச் சென்னை என்று வையுங்கள். இயல்பிருப்பில் வேறு ஊர் இருக்கலாம், அப்போது நிழல் பாஸ்டனில் விழும் மாதிரி நீளமாக விழும். சரிபார்க்க ஒரு எளிய சோதனை: டிசம்பர் 21, பகல் 12 மணி 7 நிமிடம். சென்னையில் சூரிய நண்பகல் அன்று ஏறக்குறைய அப்போதுதான். 18 மீ. பெட்டியின் நிழல் நேர் வடக்கே 13 மீட்டருக்குச் சற்று மேல் விழுந்தால் அமைப்பு சரி. சாய்ந்து விழுந்தால் வடக்கு தப்பு, நீளம் மாறினால் ஊர் தப்பு.

எந்த மாற்றாக இருந்தாலும் 4800ஐயும் முதல் நாளே நிரப்பிவிடாதீர்கள். மேலே நான் 960 என்று கச்சிதமாக வைத்தது ஒப்பிட வசதிக்காக. நிஜ வேலையில் 1.90, 1.92 அளவில் நிறுத்துவது என் பரிந்துரை. மின்வாரிய அறை, தீயணைப்புக் குழாய் ஷாஃப்ட், படி அகலம் என்று ஏதாவது ஒன்று பின்னால் வந்து நிற்கும், அப்போது குறைப்பதற்கு எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார். அதேபோல ஷெட்யூலில் வரும் பரப்பு சுவர், படி, லிஃப்ட் எல்லாம் சேர்ந்த மொத்தம். விற்கிற பரப்பு என்று யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள். உள்ளளவு இதில் முக்கால் பங்கு வந்தாலே நல்ல பிளான்.

ஒரே பிளாக் நாலைந்து இடத்தில் திரும்ப வருகிற பெரிய மனை என்றால் இன்-பிளேஸ் மாஸைக் காப்பி செய்யாதீர்கள். ஒவ்வொரு காப்பியும் தனித்தனி, ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. ‘கன்செப்சுவல் மாஸ்’ ஃபேமிலியாகச் செய்து, நீளம், அகலம், உயரத்தைப் பாராமீட்டராக வைத்து ஏற்றுங்கள். அங்கே வடிவத்தை ரெஃபரன்ஸ் லைனில் வரைந்தால் கோடு நிலைத்திருக்கும், பின்னால் அதை நகர்த்தி வடிவத்தை மாற்றலாம். மாடல் லைனில் வரைந்தால் கோட்டை வடிவம் விழுங்கிவிடும்.

மாற்று முடிவானதும் முகங்களில் சுவர், மாஸ் ஃபுளோர்களில் ஸ்லாப் என்று ஏற்றலாம். அதன்பிறகு மாஸை மாற்றினால் சுவர் தானாக நகராது. சுவரைத் தேர்ந்தெடுத்து ‘அப்டேட் டு ஃபேஸ்’ கொடுத்தால்தான் புது முகத்துக்கு வரும். சுவரில் ஜன்னல்கள் வைத்த பிறகு இதைச் செய்தால் சில ஜன்னல்கள் இடம் தவறும், சில காணாமல் போகும். அதனால் மாஸ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது முகத்தில் எதையும் ஒட்டாமல் இருப்பதே உத்தமம்.